பெயரோடு மூழ்கட்டும்

ஓய்வுபெற்ற போர்க்கப்பல்களுக்காக முன்னாள் கடற்படை மாலுமிகள் முன்வைக்கும் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: இந்திய அரசின் பாதுகாப்பு அமைச்சகம், கடற்படைத் தலைமையகம், தமிழ்நாடு அரசு.
பார்வைக்கு: பொதுமக்கள் அனைவரும்.

நீலகிரி என்றால் தமிழ்நாட்டில் எவருக்கும் மலைதான் நினைவுக்கு வரும். இந்தச் சாசனத்தில் கையெழுத்திடும் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு கப்பல். 1968 அக்டோபர் 23 அன்று பம்பாய் மசகான் கப்பல்தளத்தில் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி அதைத் தண்ணீரில் இறக்கிவைத்தார். பிரிட்டனின் லியாண்டர் வகை வடிவமைப்பை எடுத்துக்கொண்டு நம் தொழிலாளர்கள் கட்டிய கப்பல் அது. இந்த மண்ணில் கட்டப்பட்ட முதல் பெரிய போர்க்கப்பலும் அதுவே. 1972 ஜூனில் ஐ.என்.எஸ். நீலகிரி என்று கடற்படையில் சேர்ந்தது. அதற்குப் பின்னால் ஹிம்கிரி, உதயகிரி, துனாகிரி, தாராகிரி, விந்தியகிரி என்று ஐந்து தங்கைகள் வந்தார்கள். ஆறு கப்பலுக்கும் மலைகளின் பெயர்.

1996-ல் நீலகிரிக்கு ஓய்வு கொடுத்தார்கள். 1997 ஏப்ரலில் ஆளில்லாத கூடாக அதைக் கடலில் நிறுத்தினார்கள். சீ ஹாரியர் விமானம் ஒன்று ஏவிய சீ ஈகிள் ஏவுகணை அதைத் தாக்கியது. கப்பல் மூழ்கியது.

2025 ஜனவரி 15 அன்று மும்பையில் அதே பெயரோடு புதிய நீலகிரி கடற்படையில் இணைந்தது. அதையும் கட்டியது மசகான் தளம்தான். தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபோது எங்களில் பலருக்குக் கண் கலங்கியது. பெயர் திரும்பி வந்த மகிழ்ச்சி அது. அதோடு இன்னொன்றும் இருந்தது. பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், “இது அந்தப் பழைய கப்பலுக்கு வைத்த கல்” என்று காட்ட, தமிழ்நாட்டில் நாங்கள் அறிந்த இடம் ஏதுமில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பழைய கப்பலை இலக்காக வைத்துச் சுடுவதை நாங்கள் எதிர்க்கவில்லை. நாங்கள் கடற்படைக்காரர்கள். ஏவுகணை வேலை செய்யுமா என்று போர் வந்த அன்றைக்குச் சோதித்துப் பார்க்க முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். வெறும் மிதவையைச் சுட்டுத் தெரிந்துகொள்ள முடியாத பல விஷயங்கள் உண்மையான கப்பலைச் சுட்டால்தான் தெரியும். ஏவுகணையின் தலைப்பகுதி எஃகுத் தகட்டைத் துளைத்து உள்ளே போய் வெடித்ததா, தீ எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் பரவியது, நீர்புகாக் கதவுகள் எவ்வளவு நேரம் தாங்கின என்பதெல்லாம் அப்படிக் கிடைக்கும் அறிவு. நாளைக்குப் புதிய கப்பலில் நிற்கப் போகிற பையனின் உயிர் அந்த அறிவில்தான் இருக்கிறது. தன் கடைசி நாளில் ஒரு கப்பல் அதைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிறதென்றால் அதுவும் பணிதான். அறுத்து எடை போட்டு விற்பதைவிட இது மேலான முடிவு என்று எங்களில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். இதை எழுதும் நானும் அந்தப் பாதியில் ஒருவன்.

எங்கள் கோரிக்கை வேறு. சுடுங்கள், மூழ்கடியுங்கள். ஆனால் அந்தக் கப்பல் பெயரில்லாமல் போகக் கூடாது.

இப்படிக் கேட்கக் காரணம் இருக்கிறது. 2020 அக்டோபரில் அரபிக் கடலில் ஐ.என்.எஸ். பிரபல் ஏவிய ஏவுகணை ஒரு கப்பலை மூழ்கடிக்கும் வீடியோவைக் கடற்படை வெளியிட்டது. நாடெங்கும் பார்த்தார்கள், கைதட்டினார்கள். அந்தச் சிறு அறிவிப்பில் சுட்ட கப்பலின் பெயர் இருந்தது. சுடப்பட்டது “இலக்குக் கப்பல்” என்று மட்டும் இருந்தது. ஓய்வுபெற்ற கோதாவரி வகைப் போர்க்கப்பல் என்று செய்தித்தாள்கள் எழுதின. அந்த வகையில் மொத்தமே மூன்று கப்பல்கள்: கோதாவரி, கங்கா, கோமதி. கோமதி அப்போது பணியில் இருந்தது. அப்படியென்றால் மூழ்கியது கோதாவரியா, கங்காவா? அந்த இரண்டு கப்பல்களிலும் இளமையைக் கழித்தவர்கள் சில நொடி வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். புகைபோக்கியின் சாய்வைப் பார்த்தார்கள், ஹெலிகாப்டர் தளத்தின் விளிம்பைப் பார்த்தார்கள். புகைக்குள் அடையாளம் தேடினார்கள்.

கோதாவரி யார் என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. 1983 டிசம்பரில் பணியில் சேர்ந்த அந்தக் கப்பலின் வடிவத்தை நம் கடற்படையின் வடிவமைப்பாளர்களே லியாண்டரிலிருந்து வளர்த்தெடுத்தார்கள். ரஷ்ய ஏவுகணை, மேற்கத்திய நீராவி இயந்திரம், இந்தியக் கருவிகள் என்று ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்களை ஒரே உடம்பில் ஒட்டவைத்தார்கள். இரண்டு சீ கிங் ஹெலிகாப்டர்களைச் சுமக்கும்படி கட்டினார்கள். 1988 நவம்பரில் மாலத்தீவில் ஆட்சியைக் கவிழ்க்க முயன்ற கூலிப்படையினர் பணயக்கைதிகளோடு ஒரு சரக்குக் கப்பலில் தப்பி ஓடினார்கள். நடுக்கடலில் அவர்களை மடக்கியது கோதாவரி. பணயக்கைதிகளை மீட்ட அந்த நாளில் அதன் தளத்தில் நின்றவர்கள் இன்று பாட்டன்மார்.

அப்படிப்பட்ட வகையைச் சேர்ந்த ஒரு கப்பல் “இலக்கு” என்ற ஒற்றைச் சொல்லோடு தண்ணீருக்குள் போனது. இந்தச் சாசனம் அங்கிருந்துதான் பிறந்தது.

முதல் கோரிக்கை: பெயரைச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கப்பலை இலக்காகப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் அதன் பெயர், கட்டிய தளம், பணியாற்றிய ஆண்டுகள், பங்கேற்ற நடவடிக்கைகள், அதில் பணியிலிருக்கும்போது உயிர்விட்டவர்களின் பெயர்கள் ஆகியவற்றைக் கடற்படை அதிகாரபூர்வமாக வெளியிட வேண்டும். ஏவுகணை எங்கிருந்து எவ்வளவு தூரம் போனது என்ற ரகசியங்கள் எங்களுக்கு வேண்டாம். சோதனை முடிந்து, சொல்லக்கூடிய நேரம் வந்ததும் பெயரைச் சொன்னால் போதும். வீடியோ வெளியிடுவதாக இருந்தால் அதன் முதல் சட்டகத்தில் மூழ்கும் கப்பலின் பெயர் வர வேண்டும்.

இது நடக்காத காரியமா? அமெரிக்கக் கடற்படை 2024 ஜூலையில் ஹவாய் பக்கம் இரண்டு பழைய கப்பல்களை இலக்காக்கி மூழ்கடித்தது. ஒன்று டுபுக், இன்னொன்று டராவா. இரண்டின் பெயரையும் அது வெளிப்படையாக அறிவித்தது. எந்த ரகசியமும் கசிந்துவிடவில்லை.

இரண்டாவது கோரிக்கை: விடைபெற ஒரு நாள் கொடுங்கள்.

கப்பல் ஓய்வுபெறும் நாளில் செய்யவேண்டிய மரியாதைகளைக் கடற்படை நன்றாகவே செய்கிறது. அதில் எங்களுக்குக் குறையில்லை. அந்தி சாயும் நேரத்தில் கொடி கடைசியாக இறங்கும். பாய்மரத்தண்டிலிருந்து ‘பேயிங் ஆஃப் பென்னன்ட்’ என்ற நீளமான கொடித்துணி பறக்கும். மரபுப்படி கப்பல் எவ்வளவு நீளமோ அந்தத் துணியும் அவ்வளவு நீளம். ஊதல் ஒலிக்கும். அந்தச் சமயத்தில் துறைமுகத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், நாற்பது வயது ஆண்கள் தொப்பியைச் சரிசெய்கிற சாக்கில் கண்ணைத் துடைப்பது.

ஆனால் அதற்குப் பிறகு கப்பல் எங்கோ ஒரு மூலையில் கட்டிக்கிடக்கும். மாதங்கள் போகும், சில கப்பலுக்கு ஆண்டுகளே போகும். இலக்காகப் போவது என்று முடிவான பின், இழுவைக் கப்பல் வந்து கட்டுவதற்கு முன், அதில் பணியாற்றியவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் ஒரே ஒரு நாள் தளத்தில் ஏற அனுமதி வேண்டும். தேதியைச் சொல்ல முடியாவிட்டால் சொல்ல வேண்டாம்; எங்கே, எதைக் கொண்டு சுடப் போகிறீர்கள் என்பதும் வேண்டாம். “இந்தக் கப்பல் போகப் போகிறது, வந்து பாருங்கள்” என்ற ஒரு கடிதம் போதும்.

அமெரிக்காவில் யு.எஸ்.எஸ். அமெரிக்கா என்ற விமானந்தாங்கிக் கப்பலுக்கு இதுபோன்ற ஒன்று நடந்தது. 1965-ல் பணியில் சேர்ந்து வியட்நாம் போரையும் வளைகுடாப் போரையும் கண்ட கப்பல் அது. 1996-ல் ஓய்வுபெற்றது. வருங்காலக் கப்பல்களை வடிவமைப்பதற்கான சோதனைகளுக்காக அதை மூழ்கடிப்பது என்று முடிவானபோது அதில் பணியாற்றியவர்கள் பலர் மனமொடிந்தார்கள், எதிர்த்தார்கள், அருங்காட்சியகமாக்கச் சொன்னார்கள். கடற்படை முடிவை மாற்றவில்லை. ஆனாலும் 2005 பிப்ரவரி 25 அன்று பிலடெல்பியாவில் அந்தக் கப்பல் நின்ற துறையிலேயே பழைய மாலுமிகள் கூடி அதற்கு வணக்கம் செலுத்தினார்கள். ஏப்ரலில் இழுத்துச் சென்றார்கள். ஏறத்தாழ நான்கு வாரம் வெடிப்புச் சோதனைகள் நடந்தன. மே 14 அன்று அது மூழ்கியது. மூழ்கிய இடத்தை முதலில் மறைத்துவைத்தவர்கள் பின்னால் அதையும் வெளியிட்டார்கள். கீழே 16,860 அடி ஆழம்.

தம் கப்பலைக் காப்பாற்ற முடியாமல் போன அந்த மாலுமிகளைப் பார்த்து நாங்கள் பொறாமைப்படுகிறோம் என்று சொன்னால் நம்புவீர்களா? அவர்களுக்கு வழியனுப்பக் கிடைத்தது. எங்களில் ஒருவர் தம் முதல் கப்பலின் முடிவை மதுரையில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் கேள்விப்பட்டார். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த பழைய தோழர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “உனக்குத் தெரியாதா? அதை அடிச்சு மூழ்கடிச்சு ரெண்டு வருஷமாச்சே.” அவர் இலையை மடக்கிவிட்டு எழுந்தார். அன்று அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. இரும்புக்காக ஒருவன் சாப்பாட்டை விட்டு எழுவானா என்று கேட்டார்கள்.

அவர்களுக்காக இதை எழுதவேண்டியிருக்கிறது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஊரை விட்டுப் போனோம். ராமநாதபுரத்திலும் திருநெல்வேலியிலும் வேலூரிலும் ரயிலேறும்போது இந்தி ஒரு வார்த்தை தெரியாது. பயிற்சி முடித்து முதல் கப்பலில் ஏறியபோது படுக்க ஓர் இரும்புக் கட்டில், பொருள் வைக்க ஒரு சிறு அலமாரி. கையை நீட்டினால் பக்கத்துக் கட்டிலில் தூங்கும் பஞ்சாபிக்காரன் மூக்கில் இடிக்கும். உண்டு உறங்கும் அந்த மெஸ் டெக்கில் முதல் மூன்று மாதம் சைகையில் பேசினோம். பிறகு மூன்று மொழி வந்தது. கடல் கொந்தளித்த இரவுகளில் ஒருவன் வாந்தியை ஒருவன் துடைத்தோம். துருவைச் சுரண்டுவதற்கு ஆளுக்கொரு சுத்தி கொடுப்பார்கள். காலை முழுக்க ‘டக் டக்’ என்று தட்டி, துருவை உதிர்த்து, சிவப்பு ஈயச் சாயம் பூசி, அது காய்ந்ததும் மேலே சாம்பல் பூச வேண்டும். ஒரு முனையிலிருந்து தொடங்கி மறுமுனைக்குப் போய்ச் சேரும்போது தொடங்கிய இடத்தில் மறுபடி துரு பூத்திருக்கும். அந்தக் கப்பலின் ஒவ்வொரு சாண் இரும்பும் எங்கள் உள்ளங்கைக்குத் தெரியும். என் அப்பா செத்த தந்தி வந்தது அந்தக் கப்பலில் இருந்தபோதுதான். கரை சேர இன்னும் பதினொரு நாள் இருந்தது. அந்தப் பதினொரு நாளும் என்னைத் தனியாக விடாமல் பார்த்துக்கொண்டவர்கள் அதே மெஸ் டெக்கில் இருந்தார்கள்.

சிரித்தவர்கள் இதைப் படித்தால் போதும்.

மூன்றாவது கோரிக்கை: மணியையும் பெயர்ப்பலகையையும் எடுத்துவிட்டு அனுப்புங்கள். அவை ஓர் ஊருக்குப் போகட்டும்.

கப்பல் மணி, பெயர்ப்பலகை, சின்னம், நங்கூரம் இவற்றைக் கழற்றிப் பாதுகாப்பது வழக்கத்தில் உள்ளதுதான். அவை எங்கே இருக்கின்றன என்ற பொதுப் பட்டியல் ஒன்று வேண்டும். புதிய கப்பலுக்குப் பழைய பெயரைச் சூட்டும்போது, பழைய கப்பல் எந்தக் கடலில், எந்த ஆண்டில், எந்த விதத்தில் முடிந்தது என்பதைப் புதிய கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் பித்தளையில் பொறிக்க வேண்டும். புதிதாகச் சேரும் மாலுமி ஏறும்போதே அதைப் படிக்கட்டும்.

அதைவிட முக்கியமானது, கப்பல் தாங்கிய பெயர் எந்த ஊருடையதோ அந்த ஊருக்கு ஏதாவது ஒன்று போய்ச் சேர வேண்டும். 2022 மே மாதம் கோமதி ஓய்வுபெற்றபோது லக்னோவில் கோமதி ஆற்றங்கரையில் அதன் பாகங்களை வைத்து அருங்காட்சியகம் எழுப்ப உத்தரப் பிரதேச அரசு முன்வந்தது. கடலே இல்லாத மாநிலம் அது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை கொண்ட தமிழ்நாடு, தன் மலையின் பெயரைத் தாங்கிய முதல் இந்தியப் போர்க்கப்பலுக்கு ஒரு கல்லாவது வைக்க வேண்டாமா? நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் முப்படை அதிகாரிகள் படிக்கும் ராணுவப் பணியாளர் கல்லூரி இருக்கிறது. கடற்படை அதிகாரிகளும் ஆண்டுதோறும் அங்கே வருகிறார்கள். அங்கேயோ உதகமண்டலத்தில் மக்கள் வந்துபோகும் இடத்திலோ 1972–1996 என்று பொறித்த நினைவுக்கல் ஒன்று வேண்டும். அடியில் தமிழில் நான்கு வரி, இந்தியில் நான்கு வரி. நங்கூரம் எங்காவது மிச்சமிருந்தால் அதையும் அதன் பக்கத்தில் வையுங்கள். தமிழ்நாடு அரசிடம் நாங்கள் கேட்பது இது ஒன்றே.

இந்த இடத்தில் ஒரு பழைய வலியையும் சொல்லிவிடவேண்டும். 2010-ல் ஓய்வுபெற்ற வாக்லி என்ற நீர்மூழ்கியை மாமல்லபுரத்தில் கரையேற்றி அருங்காட்சியகமாக்கத் திட்டமிட்டார்கள். கடைசிவரை அது கரையேறவில்லை. விசாகப்பட்டினத்தில் இதே வகை நீர்மூழ்கியான குர்சுரா 2002 முதல் ராமகிருஷ்ணா கடற்கரையில் நிற்கிறது. ஓய்வுபெற்ற கடற்படையினரே அதற்குள் வழிகாட்டுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று உள்ளே போகிறார்கள். அந்த வரிசை மாமல்லபுரத்திலும் நின்றிருக்கும்.

நான்காவது கோரிக்கை: எதற்காக இந்த முடிவு என்று சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கப்பலுக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. அருங்காட்சியகமாகலாம், மீன்கள் குடியேறும் செயற்கைப் பாறையாகலாம், உடைத்து விற்கப்படலாம், இலக்காகலாம். எல்லாக் கப்பலையும் அருங்காட்சியகமாக்கு என்று நாங்கள் கேட்கவில்லை. விமானந்தாங்கிக் கப்பலான முதல் விக்ராந்த் 1997-ல் ஓய்வுபெற்று மும்பையில் அருங்காட்சியகமாக இருந்தது. பராமரிக்க முடியாமல், பாதுகாப்பில்லை என்று 2012-ல் மூடினார்கள். 2014-ல் உடைக்கத் தொடங்கினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயும் உடைப்பது நிற்கவில்லை. இன்னொரு விமானந்தாங்கியான விராட் 2020 செப்டம்பரில் உடைப்பதற்காகக் குஜராத்தின் அலாங் கடற்கரைக்கு இழுத்துச் செல்லப்பட்டது. உப்புநீரில் நிற்கும் இரும்பைக் காப்பது எவ்வளவு செலவு என்று துருச் சுரண்டிய எங்களைவிட யாருக்குத் தெரியும்? சின்னக் கப்பல்களுக்கு இது முடிகிற காரியம். 2021 டிசம்பரில் ஓய்வுபெற்ற குக்ரி என்ற ஏவுகணைக் கப்பலை டையூ நிர்வாகத்திடம் கொடுத்தார்கள். 1971 டிசம்பர் 9 அன்று டையூவுக்கு அப்பால் டார்ப்பிடோ தாக்கி 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மூழ்கிப்போன முதல் குக்ரியின் பெயரைத் தாங்கிய கப்பல் அது. முதல் குக்ரியின் கேப்டன் முல்லா கப்பலோடு சேர்ந்து கீழே போன கடலைப் பார்த்தபடி அந்தப் பெயர் இன்று நிற்கிறது. இதைவிடப் பொருத்தமான இடம் அதற்குக் கிடைக்காது.

ஆகவே ஒரு குழு வேண்டும். கடற்படை, அந்தக் கப்பலில் பணியாற்றியவர்களில் இருவர், வரலாற்றறிஞர் ஒருவர், சுற்றுச்சூழல் அறிந்தவர் ஒருவர். நான்கு வழிகளையும் பார்த்து எது, ஏன் என்று ஒரு பக்கம் எழுதி வெளியிடட்டும். முடிவு கடற்படையுடையதாகவே இருக்கட்டும்.

ஐந்தாவது கோரிக்கை: சுத்தம் செய்துவிட்டுச் சுடுங்கள், இடத்தை வரைபடத்தில் காட்டுங்கள்.

இதில் நாங்கள் கெஞ்சவில்லை, கடுமையாகவே கேட்கிறோம். எங்கள் காலத்து நீராவிக் கப்பல்களின் குழாய்களைச் சுற்றி ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. பழைய மின்கம்பிகளின் உறைகளிலும் ரப்பர்களிலும் பி.சி.பி. என்ற நஞ்சு இருக்கும். அது கரையாது, அழியாது, மீனின் கொழுப்பில் போய்த் தங்கும். அமெரிக்காவில் இதற்காகச் சூழல் அமைப்புகள் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. அங்கே விதி இருக்கிறது: கரையிலிருந்து குறைந்தது 50 கடல் மைல் தள்ளி, குறைந்தது 1,000 பாகம் ஆழத்தில், எண்ணெயையும் நஞ்சையும் இயன்றவரை அகற்றிய பின்தான் இலக்குக் கப்பலை மூழ்கடிக்கலாம். பாகம் என்றால் என்ன என்று நம் மீனவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், ஆறடி.

நம் நாட்டில் 2019-ல் கப்பல் மறுசுழற்சிச் சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் போர்க்கப்பலுக்கு அது பொருந்தாது. இந்த இடைவெளியை மூடும்படி, இலக்குக் கப்பல்களுக்கென்று ஆழம், தூரம், அகற்றவேண்டிய பொருள்கள் ஆகியவற்றை வரையறுக்கும் விதிமுறை ஒன்றைப் பாதுகாப்பு அமைச்சகம் எழுதி வெளியிட வேண்டும். சோதனைக்குப் பிறகு கப்பல் கிடக்கும் இடத்தை டேராடூனில் உள்ள தேசிய நீரியல் அலுவலகம் கடல் வரைபடத்தில் குறிக்க வேண்டும். தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் காசிமேட்டிலும் விசைப்படகு ஓட்டுகிறவர்களுக்கு அந்தத் தகவல் தமிழில் போய்ச் சேர வேண்டும்.

பெயர் தெரிவதும் இடம் தெரிவதும் எங்களுக்கு ஒன்றுதான். கடலில் போகும்போது, “இதோ, இந்த இடத்துக்குக் கீழே” என்று தொப்பியைக் கழற்ற ஓர் அகலாங்கும் நெட்டாங்கும் வேண்டும்.

ஆறாவது கோரிக்கை: பாய்லர் அறைக்காரர்களின் நெஞ்சைப் பாருங்கள்.

இதை இங்கே சேர்க்க வேண்டுமா என்று எங்களுக்குள் வாதம் நடந்தது. சேர்க்கத்தான் வேண்டும் என்றேன் நான். ஏனென்றால் நானும் பாய்லர் அறைக்காரன். வெள்ளைத் துணி சுற்றிய குழாய்கள் கிழிந்தால் பஞ்சு போல உதிரும். கையால் தட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம். சட்டையில் ஒட்டியது தோலில் ஒட்டும், மூச்சில் போகும். அக்காலத்தில் உலகத்தின் பல கடற்படைகளிலும் அப்படித்தான். யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் நோய் பல பத்தாண்டுகள் நெஞ்சில் ஒளிந்திருந்து வெளிப்படும். கப்பலைச் சுத்தம் செய்யும்போது அதன் உடம்பிலிருந்து என்னென்ன எடுத்தீர்கள் என்ற பட்டியல் அதில் பணியாற்றிய எங்களுக்கும் வேண்டும். அந்தப் பட்டியலை மருத்துவரிடம் காட்ட வேண்டும். எந்திரப் பிரிவில் பணியாற்றிய ஓய்வூதியர்களுக்கு ஆண்டுக்கொருமுறை நுரையீரல் பரிசோதனை இலவசமாக வேண்டும்.

ஏழாவது கோரிக்கை: கப்பல் போகுமுன் கதையை எடுத்துவையுங்கள்.

இலக்குக் கப்பல் எப்படிச் சாகும் என்று பலருக்குத் தெரியாது. ஏவுகணை நீர்மட்டத்துக்கு மேலே அடிக்கும். பெரிய ஓட்டை விழும், தீப்பிடிக்கும், ஆனாலும் கப்பல் சட்டென்று மூழ்காது. 2016 ஜூலையில் ஹவாய் அருகே தாட்ச் என்ற பழைய அமெரிக்கப் போர்க்கப்பலை ஏவுகணைகளாலும் குண்டுகளாலும் டார்ப்பிடோவாலும் அடித்தார்கள். 12 மணி நேரத்துக்கு மேல் அது தாங்கியது. உள்ளே தீயணைக்க ஓர் ஆள் இல்லை, நீரை இறைக்க ஓர் ஆள் இல்லை. டார்ப்பிடோ வேறு விதம். கப்பலைத் தொடாமல் ஏராக்கட்டைக்கு அடியில் போய் வெடிக்கும். தண்ணீருக்குள் உண்டாகும் வாயுக் குமிழி கப்பலின் நடுவைத் தூக்கும். குமிழி உடைந்ததும் தாங்க ஏதுமின்றி நடு முறியும். 1999 ஜூன் 14 அன்று ஆஸ்திரேலியாவின் டோரன்ஸ் அப்படித்தான் போனது. ஃபார்ன்கோம்ப் என்ற நீர்மூழ்கியின் ஒரே ஒரு டார்ப்பிடோ, கப்பல் இரண்டு துண்டு.

அந்தப் படங்களைப் பார்க்கும்போது மற்றவர்கள் நெருப்பைப் பார்ப்பார்கள். நாங்கள் எந்த அறை போனது என்று பார்ப்போம். “அணியம் சாயுது, முன் மெஸ்ஸுக்குள்ள தண்ணி வந்துடுச்சு” என்போம். அங்கேதான் கேரம் பலகை இருந்தது, தீபாவளிக்குக் கிண்டிய கேசரி அடிப்பிடித்தது, விசாகப்பட்டினத்துக்காரன் ஒருவன் புல்லாங்குழல் வாசித்தான். இதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. தளபதிகள் நினைவுக் குறிப்புகள் எழுதியிருக்கிறார்கள், நல்லது. சமையல்காரரும் ஸ்டோக்கரும் சிக்னல்காரரும் எழுத மாட்டார்கள். யாராவது வந்து உட்கார்ந்து கேட்டால் சொல்வார்கள்.

ஆகவே ஒவ்வொரு கப்பலும் ஓய்வுபெறும் ஆண்டில், அதில் பணியாற்றியவர்களை அவரவர் தாய்மொழியில் பேசவிட்டுப் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் இந்தப் பணியைப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகளிடம் ஒப்படைக்கலாம். மாணவர்களுக்கு வேலை, எங்களுக்குக் காது. கப்பலின் நாட்குறிப்பேடுகளில் ரகசியமில்லாத பகுதிகளைக் குடும்பங்கள் பார்க்க வழி செய்ய வேண்டும். நீலகிரியின் முதல் அணியில் இருபது வயதில் சேர்ந்தவருக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. இந்த ஒரு கோரிக்கைக்கு மட்டும் கோப்பு நகரும் வேகம் போதாது. இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.

இந்த ஏழு கோரிக்கைகளையும் ஏற்கிறீர்களா, எதை ஏற்க முடியாது, ஏன் முடியாது என்று அமைச்சகத்திடமிருந்து எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறோம். அடுத்த கடற்படை நாளான டிசம்பர் 4-க்குள் அந்தப் பதில் வந்தால் அன்றைக்கு மெரினாவில் கூடும்போது அதை வாசித்துக் காட்டுவோம்.

கையெழுத்திட வருகிறவர்களுக்கு: பணி எண் வேண்டாம், பதவி வேண்டாம். படிவத்தின் முதல் கட்டத்தில் நீங்கள் பணியாற்றிய கப்பலின் பெயரை எழுதுங்கள். அது இப்போது எங்கே என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள். உடைத்தது, மூழ்கடித்தது, கரையில் நிற்பது, எதுவானாலும் சரி. தெரியாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். காலிக் கட்டங்களை அப்படியே சேர்த்து அனுப்புகிறோம். உங்கள் பெயரை அதற்கடுத்த வரியில் எழுதுங்கள்.